வாழ்க்கை நிறைவைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ போகுது" என்று சொல்லிவிட்டு நகர்வதே நம்மவர் வழக்கம். அந்த விடையைச் சற்று விரித்துப் பார்க்கவும், பிறரிடமிருந்து கிடைக்கும் ஆதரவும் நம்மைப் பற்றி நாமே கொண்டிருக்கும் எண்ணமும் அதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்று அறியவும், இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றைச் சார்ந்த நகரங்களிலும் வாழ்பவர்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. சம்பளம், காணி, வீடு ஆகியவற்றுக்கு மனநிறைவு மாற்றாகாது. அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமையை இந்தப் பயிற்சி எதுவும் குறைத்துவிடக் கூடாது.

முதலில் இன்றைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் சகாக்களும் 1985இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோலில் ஐந்தே கூற்றுகள் உள்ளன: என் வாழ்க்கை பெரும்பாலும் நான் விரும்பியதற்கு நெருக்கமாக உள்ளது, என் வாழ்க்கை நிலைமைகள் மிக நன்றாக உள்ளன, என் வாழ்க்கையில் எனக்குத் திருப்தி உண்டு, நான் முக்கியமாகக் கருதியவற்றை இதுவரை பெற்றுள்ளேன், மீண்டும் வாழக் கிடைத்தாலும் ஏறக்குறைய எதையும் மாற்றமாட்டேன். ஒவ்வொன்றுக்கும், சற்றும் உடன்படாவிட்டால் 1, முழுதும் உடன்பட்டால் 7 என்ற வரிசையில் புள்ளி இடுங்கள். மொத்தம் 5 முதல் 35 வரை வரும். 20 என்பது நடுநிலை. சம்பள நாளிலோ கோயில் திருவிழா வாரத்திலோ இதைச் செய்ய வேண்டாம், சாதாரணமான ஒரு வேலை நாளே ஏற்றது.

அடுத்து ஆதரவைக் கணக்கெடுக்க வேண்டும். இங்கேதான் அவசரப்படாமல் இருப்பது நல்லது. ஒரு தாளில் குடும்பம், நண்பர்கள், மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவர் என்று மூன்று தலைப்புகள் இட்டுப் பெயர்களை எழுதுங்கள்; 1988இல் உளவியலாளர் சிமெட்டும் சகாக்களும் உருவாக்கிய 12 கேள்விகள் கொண்ட ஆதரவு அளவுகோலும் இதே மூன்று வட்டங்களையே பார்க்கிறது. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பணம், உடலுழைப்பு, தகவல், ஆறுதல் ஆகியவற்றில் எதை அவரிடம் கேட்க முடியும் என்று குறியுங்கள். தோட்டத்தில் பணமும் உடலுழைப்பும் எளிதாக நிரம்பிவிடும். சாவு வீட்டுக்கு மரண உதவிச் சங்கம் இருக்கிறது, அவசரத்துக்குச் சீட்டு இருக்கிறது, கல்யாணத்துக்கும் சடங்குக்கும் லயமே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் எல்லோருமே, கூடி வேலை செய்கிறது. ஆறுதல் என்ற பகுதியே பலருக்கு வெறுமையாக நிற்கும். ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் என்பதால், கணவனின் குடியையும் பிள்ளையின் பரீட்சைத் தோல்வியையும் வாய்விட்டுச் சொல்ல இடமில்லாமல் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்பவர்கள் இங்கு அதிகம். நெருக்கமாக வாழ்வது வேறு, மனம் திறக்க ஆள் இருப்பது வேறு.

ஆகவே அந்தப் பகுதியில் ஒரே ஒரு பெயரையேனும் சேர்ப்பதை இலக்காகக் கொள்ளுங்கள். மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவராகவோ, வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்காவாகவோ, கொழும்பில் வேலை செய்யும் தம்பியாகவோ அவர் இருக்கலாம். முதல் நாளே பெரிய துயரத்தைக் கொட்டாமல், சிறிய விடயமொன்றைச் சொல்லி, அது வெளியே போகிறதா என்று சில வாரங்கள் பாருங்கள். உளவியலாளர்கள் கோஹன், வில்ஸ் ஆகியோர் 1985இல் தொகுத்துக் காட்டியபடி, நெருக்கடியின் தாக்கத்தைத் தணிப்பதில், தேவைப்பட்டால் கைகொடுக்க ஆள் உண்டு என்ற உணர்வுக்கு முக்கிய இடமுண்டு. எனவே உதவி கேட்க நேராமலே போனாலும் அந்தப் பெயர் பயன் தரும்.

ஆனால் தன்னைத் தாழ்வாக எண்ணுபவருக்கு, நீட்டப்படும் உதவியும் இரக்கமாகவே தோன்றுகிறது. மலையகத்தில் இந்தத் தாழ்வெண்ணம் தனி மனிதர் குறையால் மட்டும் வந்ததல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் மிச்சம் நீடித்தது. ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத் தவிர்த்து ஹட்டன் என்றோ பதுளை என்றோ சொல்லி முடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். "நான் வெறும் கொழுந்து எடுப்பவள்" என்ற வரியை எழுதி, "வெறும்" என்பதை அடித்துவிட்டு, உங்களால் உண்மையிலேயே முடிகிற காரியங்களை அதன் கீழே எழுதுங்கள்: செங்குத்தான மலையில் இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்து எடுக்கும் கை, கைக்காசையும் கடனையும் மனத்திலேயே கூட்டும் கணக்கு, மூன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒழுங்கு.

கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்ந்துகொள்வதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 31 நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் எட் டீனரும் மரிசா டீனரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டு வாழ்வை முதன்மைப்படுத்தும் சமூகங்களில் தன்மதிப்புக்கும் வாழ்க்கை நிறைவுக்கும் உள்ள தொடர்பு ஒப்பீட்டளவில் வலுக் குறைந்தே காணப்பட்டது. மனிதர் தம் செயல்களைக் கண்டே தம்மைப் பற்றிய முடிவுக்கு வருகிறார்கள் என்று உளவியலாளர் டாரில் பெம் கூறியதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், நாலு பேருக்குப் பயன்படும் ஒரு வேலையை ஏற்பதே நமக்குப் பொருத்தமான வழியாகத் தெரிகிறது. சங்கத்தின் கணக்கை எழுதலாம், சிறுவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லலாம், எழுதத் தெரியாத முதியவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம்.

மூன்று மாதங்கள் கழித்து அதே ஐந்து கூற்றுகளுக்கு மீண்டும் புள்ளியிடுங்கள். கடைசிக் கூற்று கடந்த காலத்தைப் பற்றியது என்பதால் அது எளிதில் அசையாது; மூன்றாவதையே கவனியுங்கள். இதற்கிடையில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் கழிந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு அரசாங்க வைத்தியசாலையில் மனநல வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.