4.10 போடலாமா? சாலையில் ஓடும் வி8 காருக்குக் கியர் கணக்கு

பழைய அமெரிக்க வி8 கார் வைத்திருப்பவரிடம் இன்ஜினைப் பற்றிக் கேளுங்கள். கார்புரேட்டர், கேம், ஹெட்டர் என்று அரை மணி நேரம் பேசுவார். பின் அச்சில் என்ன விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும்) என்று கேட்டால் மட்டும், "தெரியலை, 4.10 போடலாம்னு இருக்கேன்" என்பார். இன்ஜினுக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு, அந்தச் சக்தி தரைக்குப் போகும் வழியைக் காதில் விழுந்த ஒரு எண்ணிடம் விட்டுவிடுகிறோம்.

கணக்கு கடினமானதல்ல. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: 1969 செவ்ரலே கமாரோ, 350 கன அங்குல (5.7 லிட்டர்) வி8, கம்பெனி போட்டதைவிட ஒரு படி பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு). வார நாளில் வேலைக்கும் போக வேண்டும், ஞாயிறன்று சிக்னலில் துள்ளிக் கிளம்பவும் வேண்டும்.

படி 1: இன்ஜின் எங்கே உயிரோடு இருக்கிறது?

கேம் வாங்கும்போது கூடவே ஒரு அட்டை வரும். எந்த ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) எந்த ஆர்பிஎம் வரை அது நன்றாக வேலை செய்யும் என்று அதில் போட்டிருக்கும். நம் காருக்கு 2,500 முதல் 5,500 என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் கீழே இன்ஜின் முக்கும்; மேலே போனால் சத்தம்தான் கூடும். கியர்களுக்கு இருப்பது ஒரே வேலை: வண்டி எந்த வேகத்தில் போனாலும் இன்ஜினை இந்த வேலிக்குள் வைத்திருப்பது.

அட்டை தொலைந்துவிட்டதா? இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோவில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஊகத்தில் மட்டும் தொடங்காதீர்கள்.

படி 2: டயர்

பலரும் மறந்துவிடுவது இதைத்தான். டயரும் ஒரு கியர்தான். உயரமான டயர் போட்டால் பின் அச்சு எண்ணைக் குறைத்ததற்குச் சமம்.

நம் காரில் 235/60ஆர்15. விட்டம் சுமார் 66 செ.மீ., சுற்றளவு ஏறக்குறைய 2.08 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர். அதைச் சுற்றளவால் வகுத்தால் 800. அதாவது 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 800 முறை சுற்றும். இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள், இனி எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான்.

படி 3: இப்போது உள்ளே என்ன இருக்கிறது?

அச்சு விகிதம் என்பது பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய கியரான கிரவுன் வீலின் பற்களை, அதைச் சுழற்றும் சின்ன கியரான பினியனின் பற்களால் வகுத்தால் வருவது. 41 பல் கிரவுன், 11 பல் பினியன் என்றால் 3.73. அதே 41க்கு 10 பல் பினியன் என்றால் 4.10. எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும்.

இந்தக் கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியலைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். இன்ஜினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்குக் கீழே போகக் கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் அது, ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை. செவ்ரலேக்காரர்கள் பாசிட்ராக்‌ஷன் என்பார்கள். அதில் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியல். அந்தப் பக்கச் சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, இந்தப் பக்கத்தை இரண்டு சுற்று சுற்றி எண்ண வேண்டும். ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது சுலபம். மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.73.

படி 4: நெடுஞ்சாலையில் எத்தனை ஆர்பிஎம்?

பின் அச்சைத் தேர்ந்தெடுப்பது இங்கேதான். இன்ஜின் ஆர்பிஎம் = சக்கரச் சுற்று × அச்சு விகிதம் × கியர் விகிதம்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் என்றால் சுமார் 113 கி.மீ. நம் சக்கரம் அப்போது 900 சுற்று சுற்றும். அந்தக் காலத்து நான்கு கியர் பெட்டிகளில் டாப் கியர் 1.00. ஆக, 4.10 அச்சில் இன்ஜின் 3,690இல் அலறிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டிவிட்டு இறங்கினால் காதுக்குள் இன்னொரு மணி நேரம் அதே சத்தம்தான். 3.73 என்றால் 3,357. 3.08 என்றால் 2,772.

அந்தக் காலத்தில் ஏன் 4.10 விற்றார்கள்? கால் மைல் பந்தயத்துக்காக. அங்கே டாப் கியரில் இருப்பதே சில நொடிகள்தான். பெட்ரோலும் மலிவு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. 1974இல் அமெரிக்கா முழுவதற்கும் 55 மைல் வரம்பே வந்தது. 0.70 ஓவர்டிரைவ் (1.00ஐவிடக் குறைந்த விகிதமுள்ள மேல் கியர்) கொண்ட 700ஆர்4 ஆட்டோமேட்டிக்கை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தது 1982இல். 3.73 அச்சோடு அந்த 0.70ஐச் சேர்த்தால் 70 மைலில் சுமார் 2,350 ஆர்பிஎம். நம் கேமின் அடிவரம்புக்குப் பக்கத்தில். சரியான இடம்.

ஆனால் ஓவர்டிரைவோடு 3.08 போட்டால் 1,940க்கு இறங்கிவிடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைப்பீர்கள். இந்தக் கேமுக்கு அது தூங்கும் வேகம்; லேசான ஏற்றம் வந்தாலே கீழ்க் கியருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

படி 5: கிளம்பும் இழுவை

முதல் கியரையும் அச்சு விகிதத்தையும் பெருக்குங்கள். சாலையில் ஓட்டும் மேனுவல் காருக்கு 10ஐ ஒட்டி வந்தால் நல்லது. அந்தக் காலத்து நான்கு கியர் மேனுவலான மன்சி எம்21 பெட்டியின் முதல் கியர் 2.20. அதை 3.08 அச்சோடு பூட்டினால் 6.8தான், ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்ச் கருகும். அதே மன்சியின் எம்20 (முதல் கியர் 2.52) உடன் 3.73 என்றால் 9.4, பரவாயில்லை. 700ஆர்4இன் 3.06 உடன் 3.73 சேர்ந்தால் 11.4. கிளம்பும்போது நன்றாகத் துள்ளும், ஆனால் 5,500 ஆர்பிஎம்மில் 60 கி.மீ. வந்ததுமே முதல் கியர் முடிந்துவிடும்.

படி 6: மாற்றும்போது எவ்வளவு விழுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அடுத்த கியரை இப்போதைய கியரால் வகுத்து, மாற்றும் ஆர்பிஎம்மால் பெருக்குங்கள். எம்20இல் மூன்றாவது 1.46, நான்காவது 1.00. 5,500இல் மாற்றினால் 3,770க்கு விழும். எம்21இல் மூன்றாவது 1.28 என்பதால் 4,300இலேயே நிற்கும். இதைத்தான் நெருக்கமான கியர் பெட்டி என்கிறார்கள். குறுகிய வேலிக்குள் வாழும் பெரிய கேமுக்கு அது அவசியம். நம்முடையதுபோல 3,000 ஆர்பிஎம் அகலம் இருந்தால் எம்20 போதும்.

இப்போது 700ஆர்4ஐப் பாருங்கள். 3.06இலிருந்து 1.63. 5,500இல் மாற்றினால் 2,930க்குப் போய் விழுகிறது. நம் கேம் தாங்கிவிடும். 3,500க்கு மேல்தான் எழுந்திருக்கும் கேம் என்றால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டர்போ 350இல் (2.52, 1.52, 1.00) இதே இடத்தில் 3,320க்குத்தான் விழும், ஆனால் ஓவர்டிரைவ் கிடையாது.

என் தேர்வு ஐந்து கியர் மேனுவல்: ட்ரெமெக் டிகேஓ-600, விகிதங்கள் 2.87, 1.89, 1.28, 1.00, 0.64. 3.55 அச்சோடு பூட்டினால் கிளம்ப 10.2, முதல் மாற்றத்தில் 3,620, நெடுஞ்சாலையில் சுமார் 2,050. கடைசி எண் இந்தக் கேமுக்குக் கொஞ்சம் சோம்பல்தான். 3.73 ஆக்கினால் 2,150 வரும், கிளம்பும் இழுவையும் 10.7 ஆகும். நான் 3.73 பக்கம்தான்.

படி 7: ஆட்டோமேட்டிக் என்றால்

இன்ஜினையும் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டால் வேகம் (வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய உச்ச ஆர்பிஎம்) கேமின் அடிவரம்பை ஒட்டி இருக்க வேண்டும். நமக்கு 2,500 அளவில். 700ஆர்4இல் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் என்று ஒன்று கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கீழ்க் கியருக்கு இறக்கும் கிக் டவுன் கேபிள்தானே என்று அலட்சியமாக விடாதீர்கள். பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். அளவு தவறினால் புதுப் பெட்டியின் கிளட்ச் தட்டுகள் சீக்கிரமே எரிந்துபோகும்.

அப்புறம், பின் அச்சை மாற்றிய அன்றே ஸ்பீடோமீட்டரையும் கவனியுங்கள். இந்தக் கார்களில் அது கியர் பெட்டியின் பின்முனையில் உள்ள சின்ன பிளாஸ்டிக் கியரால் ஓடுகிறது. 3.08ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டு, அந்தப் பிளாஸ்டிக் கியரை மாற்றாமல் விட்டால், நீங்கள் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் 121 கி.மீ.க்குச் சமமான இடத்தில் நிற்கும். கார் வேகம் கூடிவிட்டது என்று நண்பர்களிடம் பெருமையடிக்கும் முன் அதை மாற்றிவிடுங்கள்.