சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்காதீர்கள்: பழைய ஹைபிரிட் காரின் பின் சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவன் 2011-ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ் ஒன்றின் பின்பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதிர்வைத் தாங்கும் இரண்டு அப்சார்பரும் புதிது, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் பீமின் இரண்டு புஷ்ஷும் (பீமை வண்டியோடு சேர்க்கும் ரப்பர் வளையங்கள்) புதிது. எல்லாம் சுத்தமாகத்தான் செய்திருந்தான். வண்டி லிஃப்டில் நிற்க, பின்சக்கரங்கள் காற்றில் தொங்க, டார்க் ரெஞ்சை (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) எடுத்து பீம் போல்ட்டில் மாட்டினான். “தம்பி, கையை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லிஃப்டில் வேலை செய்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2016-இல் நானும் அதே மாதிரி நின்று, அதையேதான் செய்தேன்.

பத்து வருடம் தாண்டிய ஹைபிரிட் கார்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) விற்கிற விலையில், புதுக் கார் வாங்குவதைவிடப் பழையதன் சிஓஇயை ஐந்து வருடத்துக்கோ பத்து வருடத்துக்கோ புதுப்பித்துக்கொள்ளலாம் என்று பலர் முடிவு செய்கிறார்கள். பத்து வருடம் கடந்த காருக்கு வருடா வருடம் சோதனை உண்டு. அந்த நேரத்தில்தான் பின்பக்கச் சத்தம் பலருக்குக் காதில் விழுகிறது. ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கு அடியில் போவது, ஒரு பக்க அப்சார்பரை மட்டும் மாற்றுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

தொங்கும் சக்கரமும் இறுக்கிய போல்ட்டும்

முதலில் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டு குழாயோடும் ஒட்டியிருக்கும். வெளிக் குழாய் பீமுக்குள் அழுத்தி ஏற்றப்படுகிறது. உள்குழாயை போல்ட் வண்டியின் பாடியோடு சேர்த்துக் கவ்விப் பிடிக்கிறது. சக்கரம் மேலே கீழே போகும்போது இங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ஈரத் துணியைப் பிழிவதுபோல நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, மறுபடி நேராகிறது. போல்ட்டை இறுக்கும் நொடியில் சக்கரம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தொங்குவதுதான் ஓய்வு. லிஃப்டை இறக்கி வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டாலும், கார்பார்க்கில் அது இரவு முழுக்க முறுக்கியபடியேதான் நிற்கும். மறுநாள் பின்னால் மூன்று பேர் ஏறுவார்கள், வீவக (அரசு வீடமைப்பு) அடுக்குமாடிக் கார்பார்க்கின் வளைவுப் பாதையில் ஏறி இறங்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஹம்ப் (வேகத்தடை) வரும். ஒவ்வொன்றும் ஏற்கெனவே முறுக்கியிருக்கும் ரப்பரை இன்னும் முறுக்கும். பல வருடம் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும்.

2016-இல் என்னிடம் வந்தது 2010 மாடல் பிரியஸ். ஈசூனில் இருக்கும் ஒரு அண்ணனுடையது. தனியார் வாடகைக் காராக ஓட்டிக்கொண்டிருந்தார். புஷ் மாற்றி, போல்ட்டை லிஃப்டிலேயே இறுக்கி அனுப்பினேன். முதல் வாரம் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தூக்கியமாதிரி இருந்ததைப் பார்த்து, புதுப் பார்ட்ஸ், போகப்போக இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். “ஹம்பில் ஏறினா ‘தொப்’புங்குது. தீவு விரைவுச்சாலையில லேன் மாறினா பின்பக்கம் தனியா ஆடுது, தம்பி” என்றார். நான் என்ன செய்தேன்? புஷ் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசாமல், நான் கழற்றிக்கொண்டு போன புஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரப்பர் கறுப்பாக, புதிதாகப் பளபளத்தது. பெயின்ட் அடையாளம்கூட அழியவில்லை. ஆனால் உள்குழாயை ஒட்டி, பிறை வடிவில், ஒரே திசையில் கிழிந்திருந்தது. பழசாகித் தேய்ந்த புஷ்ஷில் ரப்பர் முழுக்க வெடிப்புகள் ஓடும். புதுப் புஷ் ஒரு பக்கமாக மட்டும் கிழிந்திருந்தால், இறுக்கிய முறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மறுபடி பார்ட்ஸ், மறுபடி கூலி, அந்த அண்ணனுக்கு இரண்டு நாள் வருமானம் நஷ்டம். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்காகத்தான்: தப்பு கையில் இருக்க, எல்லோரும் பார்ட்ஸைத் திட்டுகிறார்கள். வேறெங்கோ இரண்டு முறை மாற்றிவிட்டு, மூன்றாவது முறைக்கு இன்னும் விலை கூடிய பிராண்டைத் தேடிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை கழற்றிய புஷ்ஷிலும் அதே பிறை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? வண்டியைத் தூக்குவதற்கு முன், சமதரையில் நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிவிடுங்கள். ஸ்பிரிங் தொய்ந்துபோய் அதையும் மாற்றுவதாக இருந்தால் இந்த அளவு உதவாது. ரிப்பேர் புத்தகத்தில் உள்ள உயரத்தைப் பாருங்கள். புஷ்ஷை ஏற்றியபின் போல்ட்டைக் கையால் ஆடாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அப்புறம் ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) அடியில் ஜாக் வைத்து, டேப்பில் உள்ள அளவு வரும்வரை இரண்டு பக்கத்தையும் தூக்கி, அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நான்கு தூண் லிஃப்ட் இருந்தால் இன்னும் நல்லது, சக்கரங்கள் தாமாகவே பலகையில் நிற்கும். அப்சார்பரின் கீழ் போல்ட்டுக்கும் இதே முறைதான், அங்கேயும் ரப்பர் இருக்கிறது. ஜாக்கை பீமின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். அந்த பீம் முறுக்கிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது, அதன் முதுகில் வண்டியைத் தூக்கக் கூடாது.

போன வாரம் தம்பி அளக்கவில்லை. நல்லவேளை, வண்டி போல்ட் இறுக்காத நிலையில்தான் இருந்தது. நான்கு தூண் லிஃப்ட் காலியாகும்வரை காத்திருந்து, அதில் ஏற்றி முடித்தோம்.

புஷ்ஷைத் திசை பார்க்காமல் ஏற்றுவது

இந்த புஷ்ஷின் ரப்பர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் வேண்டுமென்றே குழிவு விட்டிருப்பார்கள், முன்னும் பின்னும் ஒரு இறுக்கம், மேலும் கீழும் ஒரு இறுக்கம் வருவதற்காக. பழையதைத் தள்ளி எடுப்பதற்கு முன், குழிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பீமில் வெள்ளை பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தப்பாக ஏற்றினதைத் திரும்ப வெளியே எடுத்தால் அதை மறுபடி போட முடியாது.

ரப்பருக்கு கிரீஸ்

வேண்டாம். புஷ்ஷை ஏற்றும்போது வழுக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

ஹாஃப் கட் புஷ்

ஜோகூர் பக்கம் ஹாஃப் கட் வண்டியிலிருந்து (பார்ட்ஸுக்காகப் பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி) கதவு வாங்கலாம், விளக்கு வாங்கலாம். ரப்பர் வாங்காதீர்கள். அதற்கும் உங்கள் வண்டியின் வயதுதான்.

அப்சார்பர் தண்டை இடுக்கியால் பிடிப்பது

மேல் நட்டைத் திருகும்போது தண்டு கூடவே சுற்றும். உடனே இடுக்கியால் கவ்விவிடுகிறார்கள். பளபளப்பான அந்தத் தண்டில் ஒரு கீறல் விழுந்தால், அது ஒவ்வொரு முறை மேலே கீழே போகும்போதும் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். தண்டின் உச்சியிலேயே பிடிப்பதற்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதைப் பிடியுங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்கதவை மூடுவது

பிரியஸில் அப்சார்பரின் மேல் நட்டைத் தொடப் பின்பக்க உள்ளுறையைக் கழற்ற வேண்டும். வலது பக்கம் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அதன் வயரை எடுத்துவிட்டுப் பின்கதவை மூடிவிட்டால், வெளியிலிருந்து திறக்க முடியாது, பூட்டு மின்சாரத்தில் வேலை செய்கிறது. பின் இருக்கையைச் சாய்த்து, உள்ளே தவழ்ந்து போய், கதவின் உட்பக்கம் இருக்கும் அவசர நெம்புகோலைத் தேட வேண்டும். உள்ளுறையைத் திரும்ப மாட்டும்போது, பின் இருக்கை ஓரம் ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைத் துணியோ பிளாஸ்டிக்கோ அடைக்காமல் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அந்தக் காற்று அவசியம்.

‘ரெடி’ விளக்கு

வேலையைத் தொடங்கும்முன் வண்டியை அணைத்து, சாவியை வண்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். ‘ரெடி’ விளக்கு எரிய, ஓடத் தயாராக இருக்கும் ஹைபிரிட் சத்தமில்லாமல் நிற்கும், திடீரென்று எஞ்சின் தானாக ஓடும். பின் பிரேக்கைக் கழற்றிய நேரத்தில் யாரையும் ஓட்டுநர் கதவைத் திறக்கவோ பெடலைத் தொடவோ விடாதீர்கள், பிரேக் பம்ப் விழித்துக்கொள்ளும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளை இந்த வேலைக்குத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பின் அலைன்மென்ட்டுக்குக் காசு

வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பாருங்கள், அது நல்லது. ஆனால் இந்த வகை பீமில் பின்சக்கரத்தின் கோணத்தை மாற்றுவதற்கு எந்தத் திருகும் கிடையாது. தாளில் பின்சக்கர அளவு எல்லையைத் தாண்டி இருந்தால், ஏற்றிய புஷ்ஷையும் பீம் வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘பின்பக்கம் அட்ஜஸ்ட் செய்தோம்’ என்று பில்லில் தனியாகப் போட்டிருந்தால், எந்த போல்ட்டைத் திருகினார்கள் என்று காட்டச் சொல்லுங்கள்.