கைக்கு வந்த பழைய சின்ன காரை வேகமாக்கலாமா?

அப்பாவோ பாட்டியோ ஓட்டிய சின்ன மைலேஜ் கார் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகம் போனால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். அதிக வேகத்தில் இன்ஜின் பெரும்பாலும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது. உச்ச வேகத்தை 10 சதவீதம் கூட்ட, சக்தியை ஏறக்குறைய 33 சதவீதம் கூட்ட வேண்டும். 60 குதிரைத்திறன் இன்ஜின் 80-ஐத் தொட வேண்டும். ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் ஓரிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே அதிகம், சத்தம்தான் மிஞ்சும். ஆகவே உச்ச வேகத்தை விட்டுவிட்டு பிக்கப்பைக் கவனியுங்கள். பழைய காரில் அது பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். தேடினால் திரும்பக் கிடைக்கும்.

முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. பெட்ரோல் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்களின் கனெக்டர்களைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தமானி) திருகியபின், ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். ஐந்தாறு சுற்றில் முள் ஏறுவது நிற்கும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள். அளவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். அதைவிட முக்கியம், மிக அதிகமான அளவுக்கும் மிகக் குறைந்ததற்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிலிண்டரும் குறைந்தால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் போயிருக்கும். இந்த நிலையில் உள்ள இன்ஜினில் வேக வேலை எதையும் தொடாதீர்கள்.

அளவு சரியாக இருந்தால் புது ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் போடுங்கள். கார் குறைவாகவே ஓடியிருந்தாலும் டைமிங் பெல்ட்டின் வயதைப் பாருங்கள். ரப்பர் சும்மா கிடந்தாலும் கெடும், அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். சிறிது தூரம் ஓட்டிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாலாம் கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது.

அடுத்த செலவு நிற்பதற்கு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அது கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண், தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயர் வேண்டவே வேண்டாம். அழகுக்காகப் பெரிய, கனமான அலாய் வீல் போடாதீர்கள். இருக்கும் பிக்கப்பும் போகும். டயரின் மொத்த உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ? வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டர்போ இல்லாமல் வடிவமைத்த இன்ஜினில் கம்ப்ரஷன் விகிதம் (காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) பொதுவாக அதிகம். இன்னும் காற்றைத் திணித்தால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையலாம். தடுக்க இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) மேப் என எல்லாம் வேண்டும். பிறகு கிளட்ச் தாங்காது, அதற்கப்புறம் கியர்பாக்ஸ். அந்தப் பணத்துக்கு, கம்பெனியிலேயே வேகமாகச் செய்த பழைய கார் ஒன்று வாங்கலாம். இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

காரின் உரிமை உங்கள் பெயருக்கு மாறிய பிறகே எதையும் கழற்றுங்கள். மாற்றத்தை முன்கூட்டியே இன்சூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விபத்தின்போது க்ளெய்ம் மறுக்கப்படலாம். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்து பாருங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 கிலோமீட்டர் வேகம் வர எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். காற்று ஏமாற்றாமல் இருக்க, எதிர்த்திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள்.