மான் உங்கள் சட்டையை ஒன்றரை அடியில் நின்று பார்ப்பதில்லை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செப்டம்பர் பிறந்துவிட்டால் வேட்டைச் சாமான் கடைகளில் ஒரு சுவர் முழுக்கக் காடு தொங்கும். ஓக் இலை, பைன் பட்டை, காய்ந்த புல், நாணல் என்று எதைக் கேட்டாலும் சட்டையாக இருக்கிறது. வாங்க வருகிறவர் இரண்டு சட்டைகளைக் கையில் எடுப்பார், முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், எதில் இலை அச்சு அசலாக இருக்கிறதோ அதற்குப் பணம் கட்டுவார். முதல் வருடம் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது. ஆனால் ஆளைக் காட்டோடு மறைக்கும் இதே கேமோ துணிகளைப் பறவைப் படம் எடுக்கிறவர்கள் நம் ஊரிலும் வாங்குகிறார்கள், இதே தவறுகளோடு.

இலை எவ்வளவு தத்ரூபம் என்று பார்ப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1986-இல் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரில் பில் ஜோர்டன் தன் பெற்றோர் வீட்டு முற்றத்து ஓக் மரப்பட்டையைப் பார்த்து வரைந்து, அதன்மேல் இலையும் குச்சியும் சேர்த்து ரியல்ட்ரீ என்ற துணி அச்சு வடிவத்தை உருவாக்கினார். அதே வருடம் மிசிசிப்பி மாநிலத்தில் டாக்ஸி ஹாஸ் ஒரு பிடி மண்ணும் சருகும் சுள்ளியும் காட்டி, "இப்படித் துணி வேண்டும்" என்று கேட்டு மோஸி ஓக் கம்பெனியைத் தொடங்கினார். அதிலிருந்து வேட்டைத் துணி மெல்ல மெல்லப் புகைப்படமாகிக்கொண்டே போனது. கடையில் நன்றாக விற்கும். காட்டில் நாற்பது தப்படி தள்ளிப் போனதும் அந்த இலை நரம்பெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஆள் கரிமூட்டை மாதிரி ஒரே மொத்தையாகத் தெரிவான்.

மனித உருவத்தை உடைப்பது நுணுக்கமான இலை இல்லை. தோளையும் கையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பெரிய இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும்தான். அமெரிக்க ராணுவமே இதில் சூடு பட்டிருக்கிறது. பாலைவனம், காடு, நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே உடை என்று 2004-இல் வெளிர்சாம்பலில் பொடிப்பொடிக் கட்டம் போட்ட வடிவத்தை அறிமுகப்படுத்தினார்கள். கட்டங்கள் சிறிசு, நிறங்களுக்கு நடுவே வித்தியாசமும் குறைவு. தூரத்தில் எல்லாம் ஒரே வெளிறலாகிவிட்டது. 2010-இல் ஆப்கானிஸ்தானில் இருந்தவர்களுக்கு வேறு உடை கொடுத்தார்கள், 2015-இலிருந்து மொத்த ராணுவத்துக்கும் மாற்றத் தொடங்கினார்கள்.

நான் செய்து பார்த்த சோதனை எளிது. நண்பரை ஒரு பைன் மரத்தடியில் உட்காரவைத்து, நாற்பது தப்படி தள்ளி நின்று ஒவ்வொரு சட்டையோடும் போனில் படம் எடுத்தேன். பிறகு படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கொஞ்சம் மங்கலாக்கினேன். அதிக விலை கொடுத்து வாங்கிய என் சட்டை மரத்தடியில் கிடக்கும் குப்பைப் பை மாதிரி இருந்தது. நண்பரின் அப்பா காலத்துப் பழுப்பும் வெள்ளையுமான கட்டம் போட்ட கம்பளிச் சட்டை பாதி கரைந்தே போயிருந்தது!

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த கண்ணுக்கு எல்லாச் சட்டையும் தெரியத்தான் செய்யும். அதனால் படங்களை, அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து, ஆளைக் கண்டுபிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே உட்காரும் விதம். காலையில் ஒரு சட்டை, உச்சி வெயிலில் இன்னொன்று என்று எடுத்தால் நாம் ஒப்பிடுவது சூரியனைத்தான்.

தரையில் ஜெயித்ததை மரத்தில் கட்டுவது

மோஸி ஓக்கின் முதல் வடிவமான பாட்டம்லேண்ட் இருட்டு நிறம். அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ளச் சில புது வடிவங்களால் முடியாது என்பது என் கட்சி. அதையே போட்டுக்கொண்டு பதினைந்து, இருபது அடி உயரப் பரணில் ஏறுங்கள். கீழிருந்து பார்க்கும் மானுக்கு உங்கள் பின்னால் இருப்பது மரமில்லை, வானம். அங்கே வெளிறிய திட்டு அதிகமுள்ள வடிவம்தான் எடுபடும். எந்த வடிவம் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால் எங்கே உட்காரப் போகிறோம் என்று கேட்க வேண்டும்.

நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்புவது

நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. வெள்ளைவால் மானுக்கு இரண்டுதான். 1990-களில் ஜே நைட்ஸ் போன்ற பார்வை விஞ்ஞானிகள் ஜார்ஜியா பல்கலைக்கழக மான்களின் கண்ணை அளந்தார்கள். ஒரு வகை செல்லுக்குக் கூர்மை நீலப் பக்கம், 450 முதல் 460 நானோமீட்டர் அலைநீள ஒளியில்; இன்னொன்றுக்குப் பச்சைப் பக்கம், 537 அருகில். சிவப்புக்குத் தனிச் செல் கிடையாது. ஆகவே இலையின் பச்சை சரியாக இருக்கிறதா, சருகின் சிவப்புப் பழுப்பு பொருந்துகிறதா என்று கடையில் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் வீண். மானுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பம்.

நீலம் கதை வேறு. அது மானுக்குப் பளிச்சென்று தெரியும். ஆயிரம் ரூபாய்ச் சட்டையோ நூறு டாலர்ச் சட்டையோ, கீழே நீல ஜீன்ஸ் போட்டால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

துவைத்துக் கெடுப்பது

நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவார்களே, அந்த வேலையைச் சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். நம் கண் வில்லை புற ஊதாவைத் தடுத்துவிடும், மானின் கண் அந்த அளவு தடுப்பதில்லை. மான்கள் அதிகம் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் நீல ஒளிக்குத்தான் அதன் கண் கூர்மை. இரண்டு சட்டைகளை ஒப்பிட்டு ஒன்று தோற்றால் குற்றம் அச்சில் இல்லாமல் துவைத்ததில் இருக்கலாம். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: நீலமாக மினுக்கினால் அந்தச் சட்டையை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். வெண்மையூட்டி இல்லாத சோப்பு கடையிலேயே கிடைக்கிறது.

முகமும் கையும் திறந்திருக்க, சட்டையை மட்டும் ஒப்பிடுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆடிக்கொண்டே இருக்கும் கைக்கு எந்த அச்சும் உதவாது. காற்று உங்கள் முதுகிலிருந்து மான் பக்கம் வீசினால் நீங்கள் எதை உடுத்தினாலும் ஒன்றுதான்.

ஆரஞ்சைக் கழற்றுவது

இது உயிர் சம்பந்தப்பட்ட தவறு. இவ்வளவு பார்த்து வாங்கிய கேமோவை ஒரு ஆரஞ்சு அங்கி மூடிவிடுகிறதே என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். ஜார்ஜியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர் இடுப்புக்கு மேலே குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது சட்டம். இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இன்னொரு வேட்டைக்காரரின் கண்ணுக்கு அது நெருப்பு. மானுக்கு வெறும் மங்கல் நிறம். இரண்டு கண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்ட துணி அந்தச் சுவரில் வேறொன்றுமில்லை.

வசந்தத்தில் காட்டு வான்கோழிக்குப் போகும்போது கணக்கு அப்படியே புரளும். அதற்கு நிறப் பார்வை நம்மைவிட நுட்பம். மானுக்குத் தேறிய சட்டை இங்கே தேறும் என்று எண்ணக் கூடாது. தலையிலிருந்து கால்வரை, முகவலை உட்பட மூட வேண்டும். கூடவே ஒன்று: சேவல் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் உடம்பில் தெரியக் கூடாது என்று அங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள், காலுறையைக்கூடப் பார்த்துப் போடச் சொல்லி. புதருக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைத் துடைக்க வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தால், எதிர்ப் புதரில் இருப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.