முகூர்த்தப் பட்டு வாங்கும் முன்: விலையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரே கடை, ஒரே அலமாரி, ஏறக்குறைய ஒரே அரக்கு நிறத்தில் இரண்டு காஞ்சிபுரம் பட்டு. ஒன்று 14,000 ரூபாய், மற்றது 32,000. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில், "அது வேற குவாலிட்டிம்மா." அந்த ஒரு வார்த்தையோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஒரு பட்டுப்புடவையின் விலை நான்கு சங்கதிகளால் ஆனது: பட்டு நூல், ஜரிகை, நெசவுக் கூலி, கடையின் செலவும் லாபமும். முதல் மூன்றைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டால் நான்காவது எவ்வளவு என்பது தானாகவே பிடிபடும்.

படி 1: வீட்டிலேயே பட்ஜெட்டை உடையுங்கள்

"புடவைக்கு 35,000" என்று மொத்தமாக வைத்துக்கொண்டு கிளம்பினால், அந்த 35,000-மும் புடவைக்கே போய்விடும். பிறகுதான் பிளவுஸ் தையல், ஆரி வேலை, ஃபால்ஸ், முந்திக்குக் குஞ்சம், உள்பாவாடை என்று ஒவ்வொன்றாக வரும். இதில் ஆரி வேலை எகிறினால் பட்ஜெட் மொத்தமும் கவிழும். முதலில் தையற்காரரிடம் பிளவுஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் புடவைக்கான தொகை.

அந்தத் தொகை 25,000 என்று வைத்துக்கொள்வோம். பட்டுப்புடவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். வரி தனி என்று சொல்லும் கடையில் நீங்கள் பார்க்க வேண்டிய உச்ச விலை ஏறத்தாழ 23,800. சீட்டில் எம்ஆர்பி என்று போட்டிருந்தால் வரி அதற்குள் அடக்கம். அதற்கு மேல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஆறு கஜமா, மடிசாருக்கான ஒன்பது கஜமா என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். துணி கூடினால் விலையும் கூடும். ஆறு கஜப் புடவை சுமார் 5.5 மீட்டர், அதோடு ரவிக்கைத் துணி சுமார் 80 சென்டிமீட்டர் சேர்ந்து வரும்.

படி 2: ஜரிகையில்தான் விலை ஒளிந்திருக்கிறது

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அதனால் நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

சுத்த ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. "தங்க ஜரிகை" என்று சொன்னாலும் தங்கம் மிகச் சொற்பம்; மதிப்பு பெரும்பாலும் வெள்ளியில் இருக்கிறது. ஹாஃப் ஃபைன் ஜரிகையில் செம்புக் கம்பிதான் பிரதானம், வெள்ளி மேல் பூச்சு மட்டும். இதற்கும் கீழே பிளாஸ்டிக் படலத்தில் உலோகச் சாயம் ஏற்றிய ஜரிகை. கடை விளக்கில் மூன்றும் ஒரே மாதிரி மின்னும்.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஜரிகை? அதில் வெள்ளி எத்தனை சதவீதம்? இந்தப் புடவையில் ஜரிகை எத்தனை கிராம்? கடைசிக் கேள்வியைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள், நெய்து வந்த புடவையையும் எடைபோட்டுத்தான் வாங்குவார்கள். ஜரிகைக்கு 'மார்க்' என்று தனிக் கணக்கே உண்டு. ஒரு மார்க் 242 கிராம். ஆக அந்த எடை எங்கோ ஒரு நோட்டில் எழுதித்தான் இருக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 120 கிராம் ஜரிகை, அதில் பாதி வெள்ளி என்று சொல்கிறார்கள். அப்படியானால் 60 கிராம் வெள்ளி. அன்றைய வெள்ளி விலை கிராமுக்கு 200 ரூபாய் என்றால், வெள்ளி மட்டுமே 12,000. அப்படிப்பட்ட புடவையை 14,000 ரூபாய்க்குக் கொடுத்தால், மீதி 2,000 ரூபாயில் அரைக் கிலோ பட்டும் பல நாள் நெசவுக் கூலியும் அடங்காது. அதாவது, அந்த ஜரிகை சுத்த ஜரிகை இல்லை. நீங்கள் போகிற அன்றைக்கு வெள்ளி விலையைப் பார்த்து, அதே கணக்கைப் போனிலேயே போட்டுப் பாருங்கள்.

ஹாஃப் ஃபைன் ஜரிகை வாங்குவது தவறில்லை. பட்ஜெட் குறைவென்றால், நல்ல பட்டில் ஹாஃப் ஃபைன் ஜரிகை போட்ட கைத்தறிப் புடவை நியாயமான தேர்வு. ஹாஃப் ஃபைனுக்குச் சுத்த ஜரிகையின் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

சோதிக்க: புடவையின் ஓரத்தில் தொங்கும் ஒரு ஜரிகை இழையைக் கேட்டு வாங்கி, நகத்தால் மேல் உலோகத்தைப் பிரியுங்கள். காஞ்சிபுரம் சுத்த ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். வெள்ளை நூலோ பளபளக்கும் பிளாஸ்டிக்கோ தெரிந்தால் அது சுத்த ஜரிகை இல்லை. ஆனால் சிவப்பு தெரிந்தது என்பதாலேயே நம்பிவிட முடியாது; மலிவு ஜரிகைக்கும் சிவப்பு நூல் போட முடியும். உறுதியாகத் தெரிய, எக்ஸ்-கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைக்க வேண்டும். துணியைக் கிழிக்காமலே தங்கம், வெள்ளி, செம்பு விகிதத்தை அது காட்டும். பெரிய தொகை என்றால் அந்த வசதி உள்ள கடையைத் தேடுங்கள்.

இன்னொரு கேள்வி நன்றாக வேலை செய்யும்: "பத்து வருஷம் கழிச்சு இதைப் பழைய ஜரிகையா எடுத்துக்குவீங்களா?" பழைய பட்டை வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குவது பலகாலமாக நடக்கிற வியாபாரம். சுத்த ஜரிகை என்று சொன்னவர் இதற்குத் தயங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

படி 3: பட்டு சுத்தமா?

இது சுலபம். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் இருக்கும் 'சில்க் மார்க்' சீட்டு புடவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சீட்டு பட்டு சுத்தமானது என்று மட்டுமே சொல்கிறது. ஜரிகையைப் பற்றியோ கைத்தறியா என்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. சீட்டைக் காட்டி "எல்லாமே ஒரிஜினல்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் பாவிலிருந்து (நீளவாக்கு நூல்) ஓர் இழை, ஊடையிலிருந்து (குறுக்கு நூல்) ஓர் இழை எடுத்து, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகுகிற வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாக நிற்கும். இரண்டு திசை இழையையும் பார்ப்பது முக்கியம்; ஒரு பக்கம் மட்டும் பட்டாக இருக்கிற புடவைகளும் சந்தையில் உண்டு.

எடையைப் பார்த்து மயங்காதீர்கள். செம்பு ஜரிகையும் கனக்கும்.

படி 4: கூலி எங்கே போகிறது?

உடலும் பார்டரும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், பார்டர் முற்றிலும் வேறு நிறம், சேருமிடத்தில் ரம்பப் பல் போன்ற கோடு இருந்தால் அது கோர்வை. மூன்று நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) ஓட வேண்டும். தறியில் நெசவாளருக்கு இன்னொருவர் துணையும் வேண்டும். அதனால் கூலி ஏறும். பார்டரில் உடல் நிறத்தின் சாயல் கலந்து தெரிந்தால் கோர்வை இல்லை; கோர்வை விலையும் தேவையில்லை. கோர்வை வேண்டாம் என்று விட்டால் கணிசமாக மிச்சமாகும், மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பணத்தை நல்ல ஜரிகைக்குப் போடுவது என் அபிப்பிராயத்தில் மேல்.

படி 5: ஒப்பிடுவது

குறைந்தது மூன்று இடம் பாருங்கள். அதில் ஒன்று கோ-ஆப்டெக்ஸாகவோ, காஞ்சிபுரத்தில் காமாட்சியம்மன், முருகன் போன்ற பட்டு கூட்டுறவுச் சங்கமாகவோ இருக்கட்டும். அங்கே விலை எழுதியபடி இருக்கும், பண்டிகை நேரத்தில் தள்ளுபடியும் கிடைக்கும். வாங்காவிட்டாலும், மற்ற கடை விலையை உரசிப் பார்க்க அது அளவுகோல்.

ஒவ்வொரு கடையிலும் ஒரே விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த எடை, ஜரிகை வகையும் கிராமும், கோர்வையா சாதாவா, வரியோடு இறுதி விலை. தள்ளுபடி சதவீதத்தை எழுதவே வேண்டாம். 30,000-க்கு 30 சதவீதம் கழித்தால் 21,000. பக்கத்துக் கடையில் அதே விவரப் புடவை தள்ளுபடியே இல்லாமல் 20,000 என்றால் அதுதான் மலிவு. ஆடித் தள்ளுபடிப் புடவையை முழுதாகப் பிரித்து, மடிப்புக் கோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாள்பட மடித்தபடியே கிடந்த பட்டு, மடிப்பில்தான் முதலில் விடும். ஜரிகை கறுத்திருந்தாலும் அங்கே தெரியும்.

ஆட்டோக்காரரோ வழியில் சந்தித்தவரோ "நல்ல கடை காட்டுறேன்" என்றால் நன்றி சொல்லி நகருங்கள். அவருக்குக் கமிஷன் இருந்தால் அதுவும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

படி 6: வாயால் சொன்னதைப் பில்லில் ஏற்றுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பில்லில் வெறும் "சில்க் சாரி – 1" என்று இருந்தால் பின்னால் எதுவும் பேச முடியாது. "சுத்தப் பட்டு, கைத்தறி, இன்ன ஜரிகை, வெள்ளி இத்தனை சதவீதம், எடை இத்தனை கிராம்" என்று எழுதி, கடை முத்திரையும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். "பில் இல்லாம வாங்கினா வரி மிச்சம்" என்பார்கள். வரியோடு 25,000 ரூபாய் ஆகும் புடவையில் அந்த மிச்சம் 1,200 ரூபாய்க்குள்தான். அதற்காக மொத்த ஆதாரத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. ஆகவே முகூர்த்தம் இரண்டு மாதம் தள்ளி இருந்தாலும், புடவையை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே பகல் வெளிச்சத்தில் முழுதாக விரித்துப் பாருங்கள். ஃபால்ஸ் தைப்பதும் குஞ்சம் கட்டுவதும் அதற்குப் பிறகு. கடை ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.