நேட்டுக்குப் பின்னால் ஃபயர்வால்: விபிஎன் அமைப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், இரு அலுவலகங்களை இணையம் வழியே இணைக்கும் ஐபிசெக் விபிஎன் ஒன்றுக்காக இரு முனைகளிலும் ரகசியச் சாவியை ஆறாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தார். பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. சாவியில் எழுத்துப் பிழை, சப்நெட் பிழை போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடையாளத்தைக் கவனிக்காமல் விடுவது

ஓசூர் கிளையில் ஃபயர்வாலுக்கு முன்னால் இணைய நிறுவனத்தின் மோடம். ஃபயர்வாலின் வெளிப்பக்க முகவரி 192.168.1.2. சென்னைத் தலைமையகத்துக்குத் தெரிவதோ மோடத்தின் பொது முகவரி. பாக்கெட்டின் மேலுள்ள முகவரியை மோடம் மாற்றிவிடும்; இதுதான் நேட். ஆனால் உள்ளே மறையாக்கம் செய்யப்பட்டுப் போகும் 'நான் இன்னார்' என்ற ஐகேஇ (இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துச் சாவி பேசிக்கொள்ளும் நெறிமுறை) அடையாளத்தை அதனால் தொட முடியாது. 'நான் 192.168.1.2' என்கிறது கிளை. அப்படி ஒருவரைத் தெரியாது என்று கதவைச் சாத்துகிறது தலைமையகம்.

கிளையின் பதிவில் விழுவது 'அங்கீகாரம் தோல்வி' என்ற ஒற்றை வரி. அதைப் படித்தால் யாருக்கும் சாவிமேல்தான் சந்தேகம் வரும். எனக்கு இரண்டு இரவுகள் வந்தது. சாவியை 12345678 என்றுகூட வைத்துப் பார்த்தேன், வெட்கக்கேடு.

விடை தலைமையகத்தின் பதிவில் இருந்தது. ஸ்ட்ராங்ஸ்வான் என்ற விபிஎன் மென்பொருளில் பொதுமுகவரியை அடுத்துச் சதுர அடைப்புக்குள் வந்த அடையாளமும் பதிவாகும். அதில் 192.168 என்று கண்டால் சாவியைத் தொடாதீர்கள். கிளையின் உள்ளூர் அடையாளத்துக்கு ஒரு பெயர் வையுங்கள். அதே பெயரைத் தலைமையகத்தில் எதிர்முனை அடையாளமாகக் கொடுங்கள். வகையும் பொருந்த வேண்டும்: ஒரு பக்கம் டொமைன் பெயர், மறுபக்கம் மின்னஞ்சல் வடிவம் என்றால் மறுபடியும் அதே ஒற்றை வரிதான்.

கிளையின் பொது முகவரி அடிக்கடி மாறுமானால் ஐகேஇ இரண்டாம் பதிப்புக்கே போய்விடுங்கள். முதல் பதிப்பின் மெயின் மோடில், அடையாளம் வந்து சேருமுன்பே முகவரியைப் பார்த்துச் சாவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

500-ஐ மட்டும் திறப்பது

ஐகேஇ பேச்சு யூடிபி போர்ட் 500-இல் தொடங்கும். நடுவில் நேட் இருப்பது தெரிந்ததும் 4500-க்குத் தாவும். இரண்டும் வேண்டும். டனலில் தரவைச் சுமக்கும் ஈஎஸ்பி-க்கு எந்தப் போர்ட் என்று தேடாதீர்கள். போர்ட்டே இல்லாத நெறிமுறை அது. நேட் இருந்தால் 4500-க்குள் பொதிந்துதான் போகும்.

ஏஎச்

பாக்கெட்டின் முகவரி மாறவில்லை என்பதையும் சரிபார்க்கும் ஐபிசெக் நெறிமுறை இது. நேட் அதைத்தான் மாற்றுகிறது, அதனால் வேண்டாம்.

தலைமையகத்தை முதலில் பேசவிடுவது

வெளியிலிருந்து வரும் அழைப்பு நேட்டைத் தாண்டித் தானாக உள்ளே சேராது, அதனால் கிளைதான் கூப்பிட வேண்டும். மோடத்தின் வெளிமுகவரியே 100.64 முதல் 100.127 வரையில் இருந்தால், இணைய நிறுவனம் தன் பக்கத்திலும் ஒரு நேட் வைத்திருக்கிறது. மோடத்தில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து பயனில்லை.

டனல் பச்சை, பிங் இல்லை

வெளியே போகும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை மாற்றும் கிளையின் சோர்ஸ் நேட் விதியைப் பாருங்கள். டனலுக்குள் போக வேண்டியதையும் அது மாற்றிக்கொண்டிருக்கும்.