குறைந்த பட்ஜெட்டில் எஸ்பிரெஸோ கிரைண்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷாட் (ஒருமுறை இறக்கும் எஸ்பிரெஸோ) 12 வினாடியில் தண்ணீராகக் கொட்டிவிட்டால் எல்லோரும் முதலில் திட்டுவது மெஷினைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மெஷின் செய்வதெல்லாம் 93 டிகிரி வாக்கில் இருக்கும் வெந்நீரை 9 பார் அழுத்தத்தில் தள்ளுவது. அந்த நீரை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது என்பது பாஸ்கெட்டில், அதாவது தூளை நிரப்பும் துளையிட்ட சிறு கிண்ணத்தில், இருக்கும் தூளின் வேலை. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. கிரைண்டர் சரியில்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த மெஷினாலும் அந்தக் கணக்குக்கு வர முடியாது. ஆகவே பட்ஜெட் முழுவதையும் மெஷினில் கொட்டிவிட்டு மிச்சத்தில் கிரைண்டர் தேடுவதுதான் முதல் தவறு.

பிளேடு கிரைண்டர் இந்தப் பேச்சிலேயே சேராது. அது கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. தூசியும் குருணையும் ஒன்றாகக் கிடக்கும், அளவைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டையை நசுக்கும் பர் கிரைண்டர்தான் வேண்டும்.

நைஸாக அரைத்தால் போதும் என்று நம்புவது

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘எஸ்பிரெஸோவுக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மையிலேயே நைஸாகவும் அரைக்கும். ஆனால் எஸ்பிரெஸோவுக்குத் தேவை, அந்த நைஸ் பகுதிக்குள் மிகச் சிறிய அடிகளாக நகர முடிவது. ஒரு கிளிக்கில் (அரைப்பை மாற்றும் திருகின் ஒரு படியில்) ஷாட் 18 வினாடியில் ஓடிவிடுகிறது, அடுத்த கிளிக்கில் 40 வினாடி ஆகியும் சொட்டுச்சொட்டாக விழுகிறது என்றால், உங்களுக்கு வேண்டிய அரைப்பு அந்த இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் எத்தனை செட்டிங் என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. பராட்ஸா நிறுவனத்தின் மின் கிரைண்டர்களான என்கோர், என்கோர் இஎஸ்பி இரண்டிலும் 40 செட்டிங்தான். பழைய என்கோரில் அந்த 40 செட்டிங்கும் கொரகொரப்பிலிருந்து நைஸ் வரை ஒரே சீராகப் பரவியிருப்பதால், எஸ்பிரெஸோ பக்கம் விழுவது கொஞ்சம்தான். இஎஸ்பியில் முதல் 20 செட்டிங் முழுவதும் எஸ்பிரெஸோவுக்கென்றே நெருக்கமாக அமைக்கப்பட்டவை. எண் ஒன்றுதான், வேலை வேறு.

கை கிரைண்டரில் இதை அளப்பது இன்னும் எளிது. ஒரு கிளிக்குக்கு பர் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்கிறது என்று பாருங்கள். 1இசட்பிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான், கிங்ரைண்டர் கே6இல் 16. கமாண்டான்டே சி40இல் ஏறக்குறைய 30. அதனால்தான் அதை எஸ்பிரெஸோவுக்குப் பயன்படுத்துபவர்கள் கிளிக்கைப் பாதியாக்கும் ரெட் கிளிக்ஸ் என்ற பாகத்தைத் தனியாக வாங்கிப் போடுகிறார்கள். 20 மைக்ரானுக்குள் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம் என்பது எங்கள் கணிப்பு.

படியே இல்லாத ஸ்டெப்லெஸ் கிரைண்டரில் இந்தச் சிக்கல் கிடையாது, வேறொன்று உண்டு. திருகு பல சுற்று சுற்றும் வகையாக இருந்தால் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். பர்கள் உரசத் தொடங்கும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, அங்கிருந்து எத்தனை சுற்று என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே கிளிக் பெரிதாக உள்ள கிரைண்டரை வாங்கிவிட்டீர்களா? நைஸான பக்கத்துக் கிளிக்கில் வைத்துக்கொண்டு தூளை அரை கிராம் குறையுங்கள். நீர் சற்று வேகமாக இறங்கும். கொஞ்ச தூரம்தான் இது கைகொடுக்கும்.

பேப்பர் ஃபில்டரில் நீர் ஊற்றி வடிக்கும் காபிக்குப் புகழ்பெற்ற கிரைண்டரை எஸ்பிரெஸோவுக்கு வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. ஃபெல்லோ ஓட் நல்ல உதாரணம். 64 மி.மீ. தட்டை பர், அழகான உடல், ஆனால் எஸ்பிரெஸோவுக்கு அது ஏற்றதல்ல என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள்.

பர்ரின் அளவை மட்டும் பார்ப்பது

54 மி.மீ. பெரிதா, 64 மி.மீ. பெரிதா, கூம்பா தட்டையா என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. சுருக்கமாக: கூம்பு பர் தரும் ஷாட் அடர்த்தியாக இருக்கும், தட்டை பர்ரில் சுவைகள் சற்றுப் பிரிந்து தெரியும், பாலில் கலந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகும்.

விலை குறைந்த கிரைண்டரில் அதைவிட முக்கியம், இரண்டு பர்களும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்பது. ஒரு பக்கம் இடைவெளி கூடி மறுபக்கம் குறைந்தால், ஒரே அரைப்பில் தூசியும் குருணையும் சேர்ந்து வரும். நீர் எளிதான வழியைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வந்து சேரும். கை கிரைண்டராக இருந்தால் கைப்பிடியின் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் பேரிங் போட்டிருந்தால் ஆடாது. தண்டின் ஒரு முனை மட்டும் பிடிப்பில் இருக்கும் மலிவு மாடல்கள் நன்றாகவே ஆடும்.

மோட்டார் இருந்தால்தான் கிரைண்டர் என்று நினைப்பது

ஒரே விலையில் மின் கிரைண்டரும் கை கிரைண்டரும் இருந்தால், கை கிரைண்டரில் பர்ரும் பேரிங்கும் மேலாக இருக்கும். மோட்டாருக்குப் போகும் பணம் அங்கே மிச்சமாகிறதல்லவா. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஷாட் என்றால் தயங்காமல் கை கிரைண்டர் வாங்கலாம். 18 கிராமை எஸ்பிரெஸோ அளவில் அரைக்க ஒரு நிமிடம் வாக்கில் ஆகும். இளவறுவல் கொட்டை கடினமானது, கை வலிக்கும். காலையில் நான்கு பேருக்கு ஷாட் போட வேண்டிய வீட்டில் இந்த யோசனையைச் சொன்னவரைச் சபிப்பீர்கள்.

உள்ளே தங்கும் தூளைக் கணக்கில் எடுக்காதது

ஹாப்பர் (கொட்டையை மொத்தமாக நிரப்பிவைக்கும் மேல் கிண்ணம்) வைத்த கிரைண்டரின் உள்ளே 3 கிராம் தங்குகிறது என்று வையுங்கள். 18 கிராம் ஷாட்டில் ஆறில் ஒரு பங்கு நேற்றைய தூள். செட்டிங்கை மாற்றினாலும் முதலில் வெளியே வருவது பழைய அளவுத் தூள்தான். அதைக் குடித்துப் பார்த்துவிட்டு மறுபடி திருகுபவர்கள் நாள் முழுவதும் திருகிக்கொண்டே இருப்பார்கள். மாற்றியபின் தங்கும் அளவுக்குச் சற்று மேலாக அரைத்துக் கொட்டிவிட்டு, அதன்பிறகு சோதியுங்கள்.

இதற்குப் பயந்து, ஹாப்பர் கிரைண்டரிலேயே 18 கிராமை மட்டும் எடைபோட்டுப் போடுவது இன்னொரு தவறு. மேலே எடை இல்லாததால் கடைசிக் கொட்டைகள் பர்ரின் மேல் துள்ளும். அரைப்பின் அளவு மாறும். ஒவ்வொரு முறையும் எடைபோட்டு அரைப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் அதற்கென்றே செய்த மாடலை எடுங்கள்.

தூள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் அயனியாக்கிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்குமுன், அரைப்பதற்குச் சற்று முன்னால் கொட்டையில் ஒன்றிரண்டு துளி நீர் தெளித்துக் கலக்கிப் பாருங்கள். 2023இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் ஹெண்டன் குழுவினர் ‘மேட்டர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, கொட்டையின் ஈரப்பதம் கூடினால் நிலைமின்சாரமும் தூள் கட்டிகட்டியாகத் திரள்வதும் குறைகின்றன என்று காட்டியது.

பாஸ்கெட்டை மறந்துவிடுவது

தொடக்கநிலை மெஷின்கள் பலவற்றுடன் இரட்டைச் சுவர் பாஸ்கெட் வரும். அடியில் ஒரே ஒரு ஊசித்துளை. அழுத்தத்தை அதுவே உண்டாக்கும். எந்தத் தூளைப் போட்டாலும் நுரை வரும், கிரைண்டரின் குணம் வெளியே தெரியாது. அதோடு திருப்தி என்றால் விலை கூடிய கிரைண்டர் வீண். நல்ல கிரைண்டர் வாங்குவதாக முடிவு செய்தால், உங்கள் போர்ட்டாஃபில்டர் (பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடிப் பாகம்) விட்டத்துக்கு ஒற்றைச் சுவர் பாஸ்கெட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசும் அதே பட்ஜெட்டுக்குள் வர வேண்டும்.

பழையது வாங்கும்போதும், வாங்கியபிறகும்

பழைய கிரைண்டரைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, பர்ரின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். மழுங்கியிருந்தால் மாற்று பர் கிடைக்குமா, என்ன விலை என்பதைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். காபிக் கடைகள் கழித்துவிடும் பெரிய கிரைண்டர்கள் மலிவாக வரும். ஆனால் உள்ளே நிறையத் தூள் தங்கும், இடமும் அடைக்கும்.

மின் கிரைண்டரை நைஸ் பக்கம் திருப்பும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்றிருக்கும்போது திருப்பினால் இடையில் சிக்கிய துணுக்குகள் பர்களை இறுக்கும். சுத்தம் செய்ய பிரஷ் போதும். இரும்பு பர்ரைக் கழுவினால் துருப்பிடிக்கும். அரிசி போட்டு அரைத்தால் மாவு மூலைமுடுக்கெல்லாம் அடையும், சிறிய மோட்டார் திணறவும் கூடும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை: ஒரே கொட்டை, ஒரே எடை, ஒரே செட்டிங்கில் அடுத்தடுத்து மூன்று ஷாட். இரண்டு மூன்று வினாடி முன்பின் இருப்பது இயல்பு. பத்து வினாடி விலகினால், தூளைப் பரப்பி அழுத்தும் முறையை ஒரே சீராக வைத்து மறுபடி செய்யுங்கள். அப்போதும் விலகினால் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.